கௌரி அக்காவின் குரலுக்கு ஒரு பெட்டி

ஒலிப்பதிவு என்பது ஊரையே வாயை மூடச் சொல்லிவிட்டு, அப்புறம் ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் தொழில். காதில் ஹெட்ஃபோனும் கையில் செத்துப்போன பேட்டரியுமாக வெயிலில் நின்றிருக்கும் சக பாவிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மைக்கிலிருந்து வருகிற மின்சாரம் கொசுவின் மூச்சு அளவுக்குத்தான் இருக்கும். அதை ரெக்கார்டர் வாங்கிக்கொள்ளும் அளவுக்குத் தூக்கிக் கொடுக்கிற கையடக்கப் பெட்டிக்குப் பெயர் ப்ரீஆம்ப். நல்ல பெட்டி குரலை மட்டும் தூக்கும். மட்டமான பெட்டி தன்னுடைய ‘ஸ்ஸ்ஸ்’ என்ற இரைச்சலையும் சேர்த்துத் தூக்கும். அவ்வளவுதான் விஷயம். இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் செய்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

அறுபது வாக்கியம்

நான் சென்னையில் எம்.ஏ. தொடர்பியல் படிக்கிறேன், வீடு காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேடு. ப்ளஸ் ஒன் படிக்கிற ரஞ்சனிக்கு வாரம் இரண்டு நாள் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கச் சின்ன காஞ்சிபுரம் போவேன். அவளுடைய அம்மாதான் கௌரி அக்கா. அப்பா ஏகாம்பரம் அண்ணன் தறியில் உட்கார, அக்கா அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்து புடவைக் கரைக்கு நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவார். இரண்டு பேரும் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே இருபது வருஷம் குடும்பம் நடத்தியவர்கள். அக்காவின் குரல் தெருமுனை வரை கேட்கும். அந்தத் தொண்டையில்தான் கட்டி. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லி, ஆபரேஷனுக்கு ஒரு திங்கட்கிழமையும் குறித்துவிட்டார். கையில் இரண்டு வாரம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு வழி சொன்னாராம். அதற்குள் அன்றாடம் பேசுகிற வாக்கியங்களை அக்காவின் குரலிலேயே பதிவு செய்து போனில் ஏற்றிக்கொள்ளலாம்; வாக்கியத்துக்கு ஒரு பட்டன்; அமுக்கினால் அக்கா பேசுவார். ‘நல்ல சுத்தமான பதிவா இருக்கணும், காலம் முழுக்கக் கேக்கப் போறது’ என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். ரஞ்சனி நோட்டுப் புத்தகத்தில் அறுபது வாக்கியம் எழுதிவைத்திருந்தாள். ‘சாப்பிட வாங்க’, ‘கதவைத் தாழ்ப்பாள் போடு’, ‘எனக்கு வலிக்கிறது.’ ஒலிப்பதிவுக்கு நான் பொறுப்பு என்று மார்தட்டிக்கொண்டேன். அக்கா பட்டியலை ஒருமுறை படித்துப் பார்த்தார். முதலில் சிரித்தது அவர்தான்.

“ஏ ரஞ்சனி, ‘மிக்க நன்றி’ன்னு எழுதி வெச்சிக்கிற? இந்த வூட்ல யாருக்குடி நான் நன்றி சொல்லிக்கிறேன்?”

மணிக்கு வேண்டாத பெட்டி

எங்கள் துறையில் ஒரே ஒரு நல்ல ப்ரீஆம்ப் இருக்கிறது. இரைச்சல் என்றால் என்னவென்றே தெரியாத பெட்டி. கேட்கப் போனேன். அது ‘பாரம்பரிய ஒலிகள்’ என்ற திட்டத்துக்குப் போயிருந்தது. கோயில் மணிகளைப் பதிவு செய்கிறார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோயில் மணி! ஆளையே தூக்கிப்போடுகிற சத்தம்! ஃபோனை நீட்டினாலே பதிவாகிவிடும். அதற்குப் போய், ஊசி விழுவதைப் பதிவு செய்யக்கூடிய பெட்டியை ஏன் கொடுக்க வேண்டும்? ஒரு மனுஷியின் தொண்டை இன்னும் இரண்டு வாரத்தில் இல்லாமல் போகப்போகிறது. மணி எங்கேயும் போகாது. அதற்கு ஆபரேஷன் இல்லை.

இதையெல்லாம் உபகரண அறைப் பொறுப்பாளரிடம் முக்கால் மணி நேரம் வாதாடினேன். நல்ல மனிதர், கோபப்படவில்லை. பதிவேட்டைப் பிரித்து, ‘திட்டத்தின் பெயர்’ என்ற கட்டத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“அந்தம்மா பேசறது எந்தத் தலைப்புல வருது, அத மட்டும் சொல்லும்மா. இப்பவே கையெழுத்து போடறேன்.”

கடையில் எல்லாமே இனிக்கும்

சென்னையில் ஒரு கடையில் பெட்டி ஒன்றை நாலு நாள் வைத்துச் சோதித்துப் பார்க்கக் கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். கறுப்பு நிறம், கையில் எடுத்தால் கனம், முகப்பில் பச்சை விளக்கு வரிசை. கடைக்காரர் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிரிக்கெட் வர்ணனை மாதிரி முழங்கினார். ஹெட்ஃபோனில் அமோகமாகக் கேட்டது. வாய்க்கு நாலு விரல் தள்ளி மைக் இருந்தால் எந்தப் பெட்டியும் அமோகம்தான், இதில் பெட்டியின் பெருமை என்ன என்று கேட்டேன். எழுபது டெசிபெல் தூக்கும் மேடம் என்றார். தூக்கட்டும், எவ்வளவு இரைச்சலோடு தூக்கும் என்று கேட்டேன். மறுபடியும் எழுபது என்றார். இரைச்சல் அளவு அட்டைப்பெட்டியில் அச்சிடப்படவில்லை என்பதைச் சுட்டிக்காட்டினேன்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி எனக்குத் தெரிந்திருந்தது. இதைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னைத் திட்டுவதற்கு உதவும். கடைக்காரர் மைக்கை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

“மேடம், நீங்க மனுஷன் பேசறத ரெக்கார்ட் பண்ணப் போறீங்களா, பேசாம இருக்கறத ரெக்கார்ட் பண்ணப் போறீங்களா?”

கூரத்தில் பேட்டரி போனது

அக்காவின் நேரத்தை வீணடிக்கக் கூடாதென்று, பெட்டி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை வேறு எங்காவது பார்த்துவிட நினைத்தேன். பக்கத்துக் கிராமமான கூரத்துக்குப் பஸ் ஏறி, ஏரிக்கரையில் காலை எட்டு மணிக்கு மைக்கை நிறுத்தினேன். என் மைக் நாற்பத்தெட்டு வோல்ட் கேட்கிற ஜாதி. அதைப் பெட்டிதான் தன் பேட்டரியிலிருந்து ஊட்ட வேண்டும். விளம்பரத்தில் பத்து மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். மைக்கை மாட்டாமல் அளந்திருப்பார்கள் போலிருக்கிறது. பத்தரைக்குப் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கரெக்டாக அப்போதுதான் கொக்குக் கூட்டம் ஒன்று வந்து இறங்கிற்று.

ஆத்திரத்தில் பெட்டியை உள்ளங்கையால் தட்டினேன். நாற்றுக்கட்டோடு கரையில் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாள் நின்று, என்ன ஏது என்று விசாரித்தார். பேட்டரி போச்சும்மா, கொக்கு சத்தம் போச்சு என்று புலம்பினேன். அவர் கொக்குகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பேட்டரி போச்சின்னா காதும் கூடவா பூட்சி? அதான் கத்திக்கினு இருக்குதே, உக்காந்து கேளு.”

தறி ஓரத்தில் ஒரு பரீட்சை

கூடுதல் பேட்டரி வாங்கிக்கொண்டு, இரண்டு பெட்டிகளோடு கௌரி அக்கா வீட்டுக்குப் போனேன். ஒன்று கடைக்காரரின் கறுப்புப் பெட்டி. இன்னொன்று எனக்கு மூன்று வருஷம் சீனியரான ஜெனிஃபர் அக்காவிடம் கடன் வாங்கிய பழைய தகரப் பெட்டி. பிஸ்கட் டின் மாதிரி இருக்கும். ஒரு திருகு கழன்று ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. விளக்கு கிளக்கு எதுவும் கிடையாது.

தறி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீடுகளிலும் ஓடியது. வேலையைக் கெடுக்க வேண்டாமென்று அப்படியே சோதித்தேன். கறுப்புப் பெட்டியில் அக்காவின் குரல் கணீரென்று வந்தது. தகரப் பெட்டியில் எல்லாமே மந்தம். குரல் எங்கேயோ அடுத்த தெருவில் இருப்பதுபோல் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஏகாம்பரம் அண்ணன் காபி டம்ளரைத் தறியில் நீட்டியிருந்த பாவு நூலுக்குப் பக்கத்தில் வைக்க, அக்கா ஒரு சத்தம் போட்டார். அதுவும் தகரப் பெட்டியில் மந்தமாகவே பதிவாயிற்று. இந்தப் போட்டியில் யார் ஜெயித்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏகாம்பரம் அண்ணனுக்குத்தான் ஒரு சந்தேகம் இருந்தது. சனிக்கிழமை நிஜப் பதிவுக்குத் தறியை நிறுத்தச் சொல்வேன் என்றதும் கேட்டார்.

“தறி இல்லாம இவ எப்டி பேசுவான்னு எனுக்கே தெரியாதேம்மா. நான் கேட்டதில்லயே.”

நான் ஜெயித்த வாக்குவாதம்

உங்கள் பெட்டி மந்தம் என்று சொன்னால் போதாதா? எனக்குப் போதாது. ஆதாரம் வேண்டுமே. தகரப் பெட்டிப் பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஜெனிஃபர் அக்காவுக்கு வாட்ஸப்பில் அனுப்பி, ‘பாருங்கள் லட்சணத்தை’ என்று எழுதினேன். அவர் பதில் போட்டார்: சத்தம் குறைவாக இருந்தால் அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம், இரைச்சல் கலந்துவிட்டால் அப்புறம் பிரிக்க முடியாது. தறியை நிறுத்திவிட்டுக் கேட்டாயா? தறிச் சத்தத்தில் எந்தப் பெட்டியின் இரைச்சலும் உன் காதுக்குத் தெரியாதே.

ஒரு நியாயமான பெண் இந்த இடத்தில் டவுன் பஸ் ஏறிப் போய், ஐந்து நிமிஷம் தறியை நிறுத்தச் சொல்லிக் கேட்டிருப்பாள். நான் பதினேழு செய்திகள் அனுப்பினேன். நடைமுறை என்றேன், புதிய தொழில்நுட்பம் என்றேன், பழசைக் கட்டிக்கொண்டு அழும் மனோபாவம் என்றுகூட ஒன்று அனுப்பியிருக்கிறேன். தகரப் பெட்டியை மறுநாளே திருப்பிக் கொடுத்தேன். வழக்கம்போல சோதனைப் பதிவுகள் இருந்த கார்டையும் அழித்தேன். பழையது புதியதோடு கலந்து தொலையக் கூடாதல்லவா? பெட்டியை வாங்கிக்கொண்டபோது ஜெனிஃபர் அக்கா முகத்தில் கோபம்கூட இல்லை.

“சரிப்பா, நீயே ஜெயிச்சதா வெச்சிக்கோ.”

தெரு நின்றது

சனிக்கிழமை. டாக்டர் தொண்டையை அலட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் ஒரே ஒரு வாய்ப்புதான். இரண்டு பக்கத்திலும் எதிர்வரிசையிலும் வீடு வீடாகப் போய், காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை தறியை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். வாதாடக் கச்சை கட்டிக்கொண்டு போனவளுக்கு ஒரே ஏமாற்றம். யாரும் மறுக்கவில்லை. முகூர்த்தத்துக்குப் புடவை முடிக்க வேண்டிய வீட்டிலும்கூட, கௌரிக்கா என்றதும் எழுந்துவிட்டார்கள். ஒன்பது மணிக்குத் தெரு நின்றது.

ஒன்றை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தத் தெருவில் தறிகள் அமாவாசைக்கு நிற்கும். மற்ற நாளில் எல்லாத் தறியும் ஒன்றாக நின்றால் அது சாவுக்குத்தான். பிணம் எடுக்கும்வரை ஓட்ட மாட்டார்கள். அந்த அமைதியில் கௌரி அக்கா மைக் முன்னால் உட்கார்ந்தார். முதல் வாக்கியம், ‘சாப்பிட வாங்க.’ தெருமுனைக்குக் கேட்கிற குரல், பக்கத்தில் இருந்த எனக்கே எட்டவில்லை. சாவு வீட்டில் பேசுவது மாதிரி, உதட்டோடு பேசினார். சத்தமாப் பேசுங்கக்கா என்றேன். முயன்றார், இன்னும் குறைந்தது. நான் பெட்டியின் குமிழைத் திருகினேன். எழுபது டெசிபெல்லும் தூக்கியது. குரலுக்குப் பின்னால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று கேட்டது. எனக்குக் கேட்டது; பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பதினேழு செய்தி அனுப்பி ஜெயித்தவள், இப்போது எந்த முகத்தோடு நிறுத்துவது? ஹெட்ஃபோன் சரியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இருபதாவது வாக்கியத்தின்போது கீரைக்காரம்மா கூடையோடு தெருவில் நுழைந்து, சத்தமே இல்லாததைக் கண்டு, அக்கா வீட்டு வாசலில் கூடையை இறக்கினார். தலையில் இருந்த முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அவர் கேட்ட கேள்வி மைக்கில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. அதற்கப்புறம் மீதி நாற்பதையும் அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே படித்தார்.

“யாரும்மா? யாரு போய்ட்டாங்க?”

மாவு சலிப்பது

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து அறுபதையும் கேட்டேன். ஒவ்வொன்றிலும் அடுப்பில் எதையோ மறந்துவிட்ட மாதிரி ஒரு ‘ஸ்ஸ்ஸ்.’ அதற்குப் பின்னால் யாரோ ஒரு பெண்மணி, பார்த்துப் படிக்கிற குரலில், கதவைத் தாழ்ப்பாள் போடு என்கிறார். கம்ப்யூட்டரில் இரைச்சலைச் சலித்துப் பார்த்தேன். இரைச்சலோடு குரலிலும் பாதி போனது. மீதி கிணற்றுக்குள்ளிருந்து பேசியது. ரஞ்சனிக்கு ஃபோன் செய்து, ஒரு பத்து வாக்கியம் மட்டும் மறுபடி எடுத்துவிடலாம், இப்போதே கிளம்பி வருகிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்றாள். முந்தின நாள் மூன்று மணி நேரம் முயன்றதில் தொண்டை வீங்கிவிட்டதாம். டாக்டர் இனி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். மறுநாள் காலை ஆபரேஷன்.

ஆக, கௌரி அக்கா தன் குரலால் கடைசியாகச் சொன்னது அந்தப் பட்டியலில் அறுபதாவதாக இருந்த வாக்கியம்தான். அதை வைத்தது ரஞ்சனி. வேண்டாமென்று சிரித்தது அக்கா. நான்தான் பட்டியல் முழுமையாக இருக்கட்டும் என்று வாதாடினேன்.

“பரவால்லக்கா. ‘மிக்க நன்றி’ய சொல்லிட்டு எழுந்தாங்க, அவ்ளோதான். அப்புறம் பேசல.”

ஒரே பட்டன்

ஒன்றரை மாதம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. வகுப்பு, பரீட்சை என்று சொல்லிக்கொண்டேன். பிறகு ஒருநாள் ஜெனிஃபர் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கலாமென்று பழைய செய்திகளைத் தள்ளிக்கொண்டே போனபோது, என் பதினேழு செய்திகளுக்கும் மேலே, நான் அனுப்பிய அந்தத் துண்டு கிடந்தது. ஏழு விநாடி. சத்தத்தை ஏற்றிக் கேட்டேன். ஏற்றினால் ஏறியது, இரைச்சல் இல்லை. தறி ஓடுகிறது, அதன்மேல் ஏறி நிற்கிறது குரல்: “ந்தா, எத்தினி வாட்டி சொல்றது உனுக்கு? டம்ளர அங்க வெக்காத!” ரஞ்சனிக்கு அனுப்பினேன். பதிலில்லை.

அடுத்த வாரம் போனேன். தறி ஓடியது. கௌரி அக்கா அதே வலது பக்கத்தில், கழுத்தில் மெல்லிசுத் துணி கட்டி, போனைக் கயிற்றில் மாட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார்; சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. போனைத் தூக்கி அமுக்கினார். “ந்தா, எத்தினி வாட்டி சொல்றது உனுக்கு?” என்று வீடு அதிர்ந்தது. திடுக்கிட்டுக் கையைப் பார்த்தேன். கையில் டம்ளர் கிம்ளர் எதுவும் இல்லை. உட்காரச் சொல்கிறார் என்று ஏகாம்பரம் அண்ணன் தறியை விட்டுத் தலை தூக்காமலே சொன்னார். உட்கார்ந்தேன். மற்ற அறுபது பட்டன்களும் என்னாயிற்று என்று ரஞ்சனியிடம் மெதுவாகக் கேட்டேன். தறிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. கத்திக் கேட்க வேண்டியிருந்தது. அவளும் கத்தித்தான் பதில் சொன்னாள்.

“அத அழிச்சிட்டோம்கா! சாவு வூடு மாதிரி இருக்குதுன்னு அப்பா எழுந்து வெளிய பூட்றாரு! இப்ப சாப்ட கூப்புடறதுக்கும் இதான், எழுப்பறதுக்கும் இதான், வலிக்குதுன்னாலும் இதான்! எது எதுக்குன்னு எங்களுக்குப் புரிஞ்சிடுது!”

இரண்டு வாரம் அலைந்து, எல்லாரோடும் வாதாடி, ஒரு தெருவையே நிறுத்திவைத்து நான் அந்த வீட்டுக்குக் கொடுத்தது, மட்டமென்று நானே கழித்துக்கட்டிய பெட்டியில், நிறுத்தாத தறிக்கு நடுவே, என்னைக் கேட்காமல் விழுந்த ஏழு விநாடி.